வகை நாலு, முகம் இல்லாத படங்கள்

கொஞ்சம் நிறுத்துங்க சார். அதை அமுக்காதீங்க. எட்டிப் பாக்கறான்னு தப்பா நெனைக்காதீங்க, பக்கத்து சீட்டு, கண்ணுல படுது. சேலத்துல பஸ் எடுத்ததுல இருந்து பாக்கறேன், நீங்க பாட்டுக்கு ஒவ்வொரு போட்டோவா அழிச்சுக்கிட்டே வர்றீங்க. போன்ல இடம் இல்லைன்னு வருதா? வரும். இப்ப எல்லாருக்கும் வருது. அதுக்காக இப்படி மனசுக்குத் தோணினபடி அழிக்கக் கூடாதுங்க. அழிக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு.

உனக்கு எப்படிய்யா தெரியும்னு கேப்பீங்க. கேக்கலையா, சரி, நானே சொல்றேன். என் பேரு வையாபுரி. தாலுகா ஆபீஸ்ல முப்பத்தி ரெண்டு வருஷம் பதிவறை எழுத்தரா இருந்து ரிட்டையர் ஆனவன். பதிவறைன்னா பழைய கோப்பெல்லாம் கட்டுக் கட்டா அடுக்கி வெச்சிருக்கற ரூம். அங்க கோப்பைப் பாதுகாக்கறதுதான் வேலைன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அது பாதி வேலை. மீதிப் பாதி அழிக்கறது. ஒரு வருஷத்துல அழிக்க வேண்டியது, மூணு வருஷம், பத்து வருஷம், அப்புறம் நிரந்தரம்னு தனித்தனிக் கட்டு. நாள் முடிஞ்ச கோப்புக்குப் பட்டியல் போடணும், கையெழுத்து வாங்கணும், ஆள் முன்னாடி கிழிக்கணும். என் சர்வீஸ்ல நான் கிழிச்ச கோப்பை, அது எங்கய்யான்னு யாரும் திரும்பக் கேட்டு வந்தது கிடையாது. முப்பத்தி ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட. வீட்டுலதான் கேட்டுட்டாங்க.

நீங்க ஓசூரா? நானும் அங்கதான் போறேன். நேரம் இருக்கு, சொல்றேன். கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. எனக்கு யாரும் இதுவரைக்கும் நியாயம் சொல்லல.

எங்க வீட்டம்மா பேரு சம்பூர்ணம். நல்ல பொம்பளை, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். நான் ரிட்டையர் ஆன வருஷம் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் குடுத்ததோட விடல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதை வாங்கி முழுசா ஒரு பார்வை பாத்துக் குடுப்பேன். யார் யார் கூப்பிட்டாங்க, என்னென்ன வந்திருக்குன்னு. சந்தேகம் இல்லீங்க, சே சே. ஒரு அக்கறைதான். ஊருல எத்தனை பேரு போன்ல ஏமாந்து போறாங்க. சம்பூர்ணமும் ஞாயித்துக்கிழமை காலைல அவளா கொண்டாந்து டீப்பாய் மேல வெச்சுருவா. அவ்வளவு ஒழுங்கு.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், இல்லேன்னா உங்களுக்குப் புரியாது. எங்களுக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. நாலு வருஷத்துக்கு முந்தி அவளா ஒரு பையனைப் பாத்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து வாசல்ல நின்னா. வேற ஆளுங்க. ரெண்டு பேருக்கும் ஓசூர்ல கம்பெனி வேலை. பையன் பேரு எனக்குத் தெரியாது. தெரியும், சொல்றதில்ல. நான் சத்தம் போடல சார், கை ஓங்கல. கோப்பு முடிஞ்சுதும்மான்னு ஒரு வார்த்தை சொன்னேன், கதவைச் சாத்தினேன். சம்பூர்ணம் போன்ல இருந்து அவ நம்பரை நானே எடுத்தேன். கஷ்டமா இல்லாம இல்ல. பெத்த பொண்ணு, அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல. ஆனா முடிவுன்னா முடிவு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அவ பேச்சே வந்ததில்ல. சம்பூர்ணம் ஒரு தடவைகூட அழுது நான் பாக்கல. என் முடிவு சரின்னு அவளுக்கும் பட்டிருக்கு, அதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன்.

அவ போன்ல ஒரே ஒரு தொல்லைதான் இருந்துச்சு, இந்த கேஸ் கம்பெனி. 'கேஸ் புக்கிங்'னு ஒரு நம்பர். வாரத்துக்கு மூணு தடவை அங்கருந்து கால் வருது. ஒவ்வொன்னும் முப்பது நிமிஷம், நாப்பது நிமிஷம். அதுவும் கரெக்டா நான் வாக்கிங் போற நேரத்துல. என்னடி இதுன்னு கேட்டேன். 'சிலிண்டர் பாதுகாப்பைப் பத்திச் சொல்லிக் குடுக்கறாங்கங்க'ன்னா. நான் சும்மா விடுவேனா? ஏஜென்சிக்கு ஒரு புகார் மனு எழுதினேன். வயசான ஒரு குடும்பப் பெண்ணை இப்படித் தொந்தரவு பண்ணலாமான்னு ரெண்டு பக்கம். நாங்க அப்படி யாரையும் கூப்பிடறது இல்லைங்கன்னு பதில் வந்துச்சு. எப்படிப் புளுகறான் பாருன்னு அதைச் சம்பூர்ணத்துகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. என் சாமர்த்தியத்தைப் பாத்துச் சிரிக்கறான்னு எனக்கு அன்னைக்கெல்லாம் பெருமை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு நாள் காலைல, 'ஏங்க, போன்ல இடம் இல்லைன்னு வருது, புதுப் படம் எதுவும் எறங்க மாட்டேங்குது, கடைவீதிக்குப் போய் எல்லாத்தையும் ஒரு கார்டுல ஏத்திட்டு வந்துரட்டுமா'ன்னு கேட்டா. நான் ஒருத்தன் வீட்டுல உக்காந்திருக்கறப்ப கடைக்கு எதுக்குப் போகணும்? வெளியாள் கையில போனைக் குடுத்தா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? கொண்டா, நான் இடம் பண்ணித் தர்றேன்னேன். 'வேண்டாங்க, அவ்வளவு அவசரம் ஒன்னும் இல்ல'ன்னா. இப்பதானே எறங்க மாட்டேங்குதுன்னு பொலம்பினியேன்னேன். கொஞ்ச நேரம் போனைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா. அப்புறம் குடுத்துட்டா.

எடுத்த எடுப்புல நான் கை வைக்கல. முதல்ல படிச்சேன். போன்ல போட்டோவைப் பாதுகாப்பா அழிக்கறது எப்படின்னு ஒருத்தர் வீடியோ போட்டிருந்தார், பொறுமையாத்தான் சொன்னார். மூணு படி. முதல்ல, இருக்கறதுக்கெல்லாம் ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல பத்திரப்படுத்துங்க. ரெண்டாவது, வேண்டாததைப் பாத்துப் பாத்து அழிங்க. மூணாவது, அழிச்சது முப்பது நாள் குப்பைத்தொட்டில கிடக்கும், அதையும் காலி பண்ணாத்தான் இடம் கிடைக்கும். ரெண்டாவதும் மூணாவதும் எனக்குச் சரின்னு பட்டுச்சு. அந்த முதல் படிதான் ஒத்துவரல. அழிக்கப் போற கோப்புக்கு எவனாவது காப்பி எடுத்து வெப்பானா? எங்க ஆபீஸ்ல அப்படிப் பண்ணினா மெமோ வரும். அதனால அதை மட்டும் தள்ளிட்டேன். மத்தபடி அவர் சொன்னதை அச்சுப் பிசகாம செஞ்சேன்.

ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்து ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன். வரிசை எண், வகை, எண்ணிக்கை, முடிவு, கடைசில குறிப்புன்னு ஒரு கலம். ரெண்டு நாள் உக்காந்து பிரிச்சேன் சார். வகை ஒன்னு, காலை வணக்கம், ரோஜாப்பூ, காப்பி டம்ளர், ஆடி வெள்ளி வாழ்த்து. ஆயிரத்துக்கு மேல. வகை ரெண்டு, ஒரே படத்தை மூணு தடவை எடுத்தது. வகை மூணு, அவ கை தவறி எடுத்த தரை, ஃபேன், புடவைத் தலைப்பு. வகை நாலு, முகம் இல்லாத படங்கள்.

இந்த வகை நாலுலதான் எல்லா வில்லங்கமும்.

'கோலம்'னு ஒரு ஆல்பம் வெச்சிருந்தா. ஞாயித்துக்கிழமைகள்ல நான் அதைத் தொறந்து பாத்திருக்கேன், முதல் முப்பது நாப்பது நெஜமாவே கோலம்தான். புள்ளிக்கோலம், சிக்குக்கோலம். கோலத்துல நமக்கு என்ன இருக்குன்னு மூடிருவேன். இந்தத் தடவை அழிக்கறதுக்காகப் பாக்கறதால கடைசி வரைக்கும் போனேன். கீழ போகப் போக வேற என்னென்னமோ. ஒரு சின்னக் கால், வெறும் கால் மட்டும். அப்புறம் அதே கால் கொலுசோட. பால் பாட்டில். கொடில காயற குட்டிச் சட்டை, மஞ்சக் கலர்ல, வாத்துப் படம் போட்டது. தரையில சிந்தின பருப்புச்சோறு, அதுல அஞ்சு விரல் பதிஞ்சிருக்கு. செவுத்துல கிறுக்கல். ஸ்வெட்டர் போட்ட ஒரு முதுகு. அறுநூத்திப் பன்னெண்டு படம் சார், ஒன்னுலகூட முகம் இல்ல. போட்டோ எடுக்கத் தெரியாத யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, அது ஊரெல்லாம் சுத்தி இங்க வந்து விழுந்திருக்குன்னு தீர்மானம் பண்ணினேன். போட்டோன்னா முகம் வேணுமில்ல? ரேஷன் கார்டுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துட்டுப் போனா வாங்கிக்குவாங்களா?

ஒரு படத்துல மட்டும் கொஞ்சம் நின்னேன். அந்தக் குட்டிக் கை ஒரு பெரிய விரலைப் பிடிச்சிருக்கு. அந்தப் பெரிய விரல்ல வெள்ளையா ஒரு தழும்பு. சுகந்திக்கு அதே எடத்துல ஒரு தழும்பு உண்டு, ஏழு வயசுல தீபாவளிக்கு மத்தாப்புக் கம்பி சுட்டது. நான்தான் அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உலகத்துல எத்தனையோ பேருக்கு விரல்ல தழும்பு இருக்கும்னு நெனச்சுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். இதை நான் வீட்டுல சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க யாரோ நான் யாரோ, எறங்கினா அவ்வளவுதான்.

பட்டியல் முடிஞ்சுது. அவ போனு, அதனால அவ கையெழுத்து வேணும், முறைன்னா முறை. நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவ கிரைண்டர்ல மாவு வழிச்சுக்கிட்டிருந்தா. 'என்னங்க இது'ன்னா. வேண்டாத படமெல்லாம் அழிக்கப் போறேன், போடுன்னேன். 'இந்த குட்மார்னிங் வருதே, அதெல்லாமா'ன்னா. அந்த மாதிரின்னேன். அப்படிச் சொன்னது தப்பா சார்? நாலு வகையும் அதே பக்கத்துல முத்து முத்தா எழுதியிருக்கு. வாசிச்சுப் பாக்கறது யார் பொறுப்பு? கையை முந்தானைல தொடச்சுக்கிட்டு 'வை. சம்பூர்ணம்'னு போட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் காட்டின எடத்துல எல்லாம் வாசிக்காமத்தான் போட்டிருக்கா. இதுவரைக்கும் அதனால ஒரு கெடுதலும் வந்ததில்ல.

அழிச்சேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன். பதினோரு ஜிபி இடம் கிடைச்சுது சார், பதினோரு ஜிபி. எனக்கு மறுபடி ஆபீஸ் போயிட்டு வந்த மாதிரி ஒரு திருப்தி.

சாயங்காலம் அவ டீ கொண்டாந்தப்ப போனைக் குடுத்தேன். இனிமே எத்தனை படம் வேணும்னாலும் வரட்டும் போன்னேன். அவ கண்ணாடியை மாட்டிக்கிட்டு மேல தள்றா, கீழ தள்றா. போனை அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தா. 'கோலம் எங்கங்க'ன்னா. வகை நாலுன்னேன். 'குப்பைத்தொட்டில இருக்குமில்ல'ன்னு கேட்டா. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அதையும் காலி பண்ணியாச்சு, நான் என்ன அரைகுறை வேலை செய்யற ஆளான்னேன். அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. என்னடி, மயக்கமான்னு கேட்டேன். தண்ணி கொண்டாந்து குடுத்தேன், அதெல்லாம் கவனிக்காம இல்ல.

'அது யாரு காலுன்னு உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேட்டா.

எனக்கு எப்படித் தெரியும், கால்ல பேரா எழுதியிருக்குன்னேன்.

'சுகந்தி பொண்ணோட காலுங்க. உங்க பேத்தி. அதுக்கு ரெண்டேகால் வயசு ஆச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க போனைப் பாப்பீங்களே, முகம் இருந்தா கண்டுபிடிச்சுருவீங்களேன்னு நான்தான் முகத்தை விட்டுட்டு அனுப்புடின்னு சொன்னேன். ஒரு நாளைக்குக் கை அனுப்பினா, ஒரு நாளைக்குக் கால் அனுப்பினா. துண்டு துண்டாத்தாங்க நான் அந்தக் குழந்தையைப் பாத்து வளத்தேன்'னா.

கேஸ் கம்பெனி யாருன்னும் அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பக்கம் மனு எழுதியிருக்கேன் சார். அதை நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, கோபப்படல. சரி, ஆனது ஆச்சு, மறுபடி அனுப்பச் சொல்லு, இப்பதான் இடம் இருக்கேன்னேன். எவ்வளவு எறங்கி வந்திருக்கேன் பாருங்க. அதுக்கு அவ சொல்றா, சுகந்தியோட போன் போன வருஷம் தண்ணித் தொட்டில விழுந்து செத்துப் போச்சாம். குழந்தை பொறந்ததுல இருந்து அந்த முதல் வருஷத்துப் படம் மொத்தமும் இவ போன்ல மட்டும்தான் இருந்துச்சாம். அம்மாகிட்ட பத்திரமா இருக்குன்னு அவங்களும் நிம்மதியா இருந்திருக்காங்க. கடைல போய் கார்டுல ஏத்தறேன்னு அவ கேட்டதுகூட அதுக்குத்தானாம்.

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். உன் கையெழுத்து இருக்கா இல்லையான்னேன். குறிப்புன்னு ஒரு கலம் போட்டு வெச்சிருக்கேனே, அதுல பேத்தின்னு ஒரு வார்த்தை நீ எழுதியிருந்தா நான் அதை நிரந்தரக் கட்டுல சேத்திருப்பேனேன்னேன். அவ நிமிந்து என்னைப் பாத்தா. 'சேத்திருப்பீங்களா'ன்னு கேட்டா. அவ அந்த டீயைக் கொண்டுபோய் தொட்டில ஊத்திட்டா.

மறுநாள் காலைல பையைக் கட்டிட்டா. எங்கடின்னேன். 'இனிமே எனக்குப் போட்டோ வேண்டாங்க, நேர்லயே பாத்துக்கறேன்'னா. அழல, கத்தல. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி நிறுத்தியிருப்பேன். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, மோட்டார் சுவிட்சை அணைக்க மறந்துராதீங்கன்னு சொல்லிட்டு செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு நாள்ல திரும்பிருவான்னு நெனச்சேன். இன்னைக்குப் பத்தொம்பது நாள் ஆச்சு.

நான் நல்லாத்தான் இருக்கேன் சார். ஒரு குறையும் இல்ல. மெஸ்ல சாப்பாடு. மாவு புளிச்சுப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிஞ்சுது, தொடச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல டீப்பாய் முன்னாடி போய் உக்காந்துட்டேன். பழக்கம். பாக்கறதுக்குப் போன் இல்லையேன்னு அப்புறம்தான் உறைச்சுது. செல் கடையில ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாத்தேன், அழிச்சது திரும்ப வருமான்னு. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டீங்களா சார், ரொம்ப சுத்தமா வேலை செஞ்சிருக்கீங்கன்னார் கடைக்காரர். இந்த விஷயத்துல என்னைப் பாராட்டினது அவர் ஒருத்தர்தான்.

அப்புறம் ஒரு நாள் அந்த நோட்டை எடுத்தேன். குறிப்புக் கலம் காலியா கிடக்கு. காலியா விடறது முறையில்லீங்க. அதனால, வேற ஒன்னும் இல்ல, முறைக்காகத்தான், என்னென்ன படம் இருந்துச்சுன்னு ஞாபகம் வந்தவரைக்கும் எழுத ஆரம்பிச்சேன். இந்தாங்க, பாருங்க. ஒன்னு, இடது கால், கட்டைவிரல் மடங்கி இருக்கு. ரெண்டு, அதே கால், மருதாணி வெச்சது. பதினேழு, வாய்க்குப் போகாம கன்னத்துல அப்பின பிஸ்கட், தாடை மட்டும் தெரியுது. அம்பத்தி மூணு, ஒரு செருப்பு மட்டும், இன்னொன்னு படத்துல இல்ல. இப்படி இருநூத்தி நாலு வரைக்கும் வந்துட்டேன். மீதி நானூத்தி எட்டு வர மாட்டேங்குது சார். கண்ணை மூடினா வர்ற மாதிரி இருக்கு, பேனாவை எடுத்தா போயிருது. ஒவ்வொன்னையும் நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன், அதுவும் அழிக்கறதுக்காகப் பாத்தது. இன்னும் கொஞ்சம் நிதானமா பாத்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

சம்பூர்ணத்தோட தம்பி தனபாலு, சுகந்தி வீட்டு விலாசம் குடுத்தான். நான் கேக்கல, அவனாத்தான் குடுத்தான், நான் ரெண்டு தடவை போன் பண்ணினதுக்கு அப்புறம். அங்க போய் நான் உள்ள எல்லாம் போக மாட்டேன். கேட்டுக்கு வெளிய நின்னு சம்பூர்ணத்தைக் கூப்பிடுவேன். நோட்டைக் குடுப்பேன், வர்றியா இல்லையான்னு ஒரு வார்த்தை கேப்பேன், அவ்வளவுதான். குழந்தையா? அதுவா ஓடி வந்து கேட்டுகிட்ட நின்னா நான் என்ன பண்ண முடியும், கண்ணை மூடிக்கிட்டா நிக்க முடியும்? பேரு தெரியாது. தனபாலுகிட்ட கேட்டா சொல்லுவான். கேட்டா நான் தோத்துப் போன மாதிரி ஆயிரும்னு கேக்கல.

கிருஷ்ணகிரி வந்துருச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல.

சார், உங்களை அழிக்காதீங்கன்னு நிறுத்தினேனே, அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எனக்கு ஒரு உதவி வேணும், எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இவ்வளவும் பேசிட்டு வர்றேன். காலைல பஸ்ல ஏறி உக்காந்ததும் சம்பூர்ணத்துகிட்ட இருந்து ஒன்னு வந்துச்சு. பத்தொம்பது நாள்ல முதல் தடவை. எழுத்து எதுவும் இல்ல, ஒரு படம். மங்கலா இருக்கு, நடுவுல ஒரு அம்புக்குறி. அதை அமுக்கினா போன்ல போதுமான இடம் இல்லைன்னு வருது. என் போன்ல சார், என் போன்ல. ஓமலூர்ல இருந்து ஏழெட்டுத் தடவை அமுக்கிட்டேன்.

ஏதாவது அழிச்சா எறங்கும், அது எனக்குத் தெரியாதா. ஆனா எதை அழிக்கறது? நீங்களே பாருங்க. இது என் பணி நிறைவு விழா. சால்வை போடறாங்க. இது மாலை. இது நான் பேசறேன், இதுவும் பேசறேன், இது தண்ணி குடிச்சுட்டு மறுபடி பேசறேன். இது ஓய்வூதியர் சங்கக் கூட்டம், நடுவுல நான். இது எங்க வாசல்ல, புதுச் சட்டை. தள்ளுங்க, தள்ளிக்கிட்டே போங்க. ஒன்னுகூட என் நாலு வகையில எதுலயும் வராது. முகம் இல்லாத படம் என் போன்ல கிடையவே கிடையாது சார், எல்லாத்துலயும் நான் இருக்கேன். சம்பூர்ணமா? இல்ல, அவ எதுலயும் இல்ல. இதை எல்லாம் எடுத்தது அவதான்.

சரி, அழிச்சுருங்க. நீங்களே அமுக்குங்க, பஸ் குலுங்குது. பட்டியலா? பட்டியல் வேண்டாம் சார். எல்லாத்தையும்தான். அந்தச் சால்வைப் படம் மட்டும் ஒன்னு வெச்சுக்கலாமா? வேண்டாம், அதுவும் போகட்டும். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிருங்க, இல்லேன்னா இடம் வராது.

எறங்குதா? குடுங்க.

முகம் இல்ல. பாத்தீங்களா சார், இப்பவும் முகம் இல்ல. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு குழந்தை. நான் கெளம்பி வர்றேன்னு தனபாலு சொல்லியிருப்பான், அது தெரிஞ்சும் எனக்கு முகத்தைக் காட்டக் கூடாதுன்னு பின்னாடி நின்னு எடுத்திருக்கா. அவ்வளவு ஆகாதவனா போயிட்டேனா நான்? மொட்டை வேற போட்டிருக்காங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. பத்து நாள் இருக்கும், முடி இப்பதான் அரும்பு விட்டு வருது. இருங்க. இதைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. இங்க இல்ல, மேல, உச்சந்தலையில. சுழி தெரியுதா? இங்க ஒன்னு. அதுக்குப் பக்கத்துல, இதோ, இன்னொன்னு.

சார், நான் குனியறேன், என் தலையைக் கொஞ்சம் பாருங்க. யாரு பாத்தா என்ன, பாக்கட்டும். முடி அங்க கொஞ்சம்தான் இருக்கு, கையால விலக்கிப் பாருங்க, பரவாயில்ல. எனக்கு ரெட்டைச் சுழின்னு சின்னதுல இருந்து எல்லாரும் சொல்லுவாங்க, நான் பாத்ததில்ல, என் தலையை நானே எங்க பாக்கறது. ஓசூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அவசரமே இல்ல. நல்லாப் பாத்து, எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க.